உப்புநீர்க் கிளையை ஏழு கூறாக்கிய அமைச்சர்

நலம் சூழ்க! கழிமுகம் காக்கும் அன்னையின் அருளால் வெண்கழி நாட்டை முறை வழுவாது ஆண்டருளும் கோப்பெருமாட்டி ஆழிவல்லி நாச்சியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் அரட்டன் பூவணன், செம்பறை நாட்டு அதிபதியும் குன்றுகளுக்குக் குடை விரித்தவருமான மாறங்கீர வேளின் திருமுன்பு பணிந்து வரைவது. நும் மலையில் மழை பொய்யாதிருக்க. நும் ஆநிரை பெருகுக. நும் வாயிலுக்கு வந்தவர் எவரும் பசியோடு திரும்பாதிருக்க. இங்கு அமைச்சர் வில்லவதரையர் ஒருவர் நீங்கலாக யாவரும் நலம். அவருடைய நலக்குறைவே இவ்வோலையின் செய்தி.

கூலி கேளாது மனமுவந்து வருவோரைக் கொண்டே எம் நாட்டில் நீரிறைக்கும் பொறிகள் செய்யப்படுவதைக் கேள்வியுற்று, அம்முறையை நும் நாட்டிலும் நிறுவத் தலைவர் ஒருவரை அனுப்புமாறு கேட்டிருந்தீர். முறை இதுவே. பொறியின் வரைவு, மன்றத்தின் வெள்ளையடித்த பெருஞ்சுவரில் கரியால் தீட்டப்பட்டிருக்கும். எவரும் அதைப் படியெடுக்கலாம், திருத்தலாம். திருத்தம் நன்றெனில் அது சுவரிலும் ஏறும். புது வேலை தொடங்க விரும்புவோர் மன்றத்தில் ஒரு மூங்கிற்கழியை நடுவர். விருப்பமுள்ளோர் வந்து அக்கழியடியில் நிற்பர். ஆள் நின்றால் அது ஒரு கிளை. நில்லாவிடில் கழியைப் பிடுங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான். எவரையும் பெயர் சொல்லி அழைத்தல் கூடாது. அரசியே ஆயினும் கூடாது.

முதற்பொறிக்கு அச்சுக் கடைந்தவர் வில்லவதரையரே. மன்றத்து முதன்மையும் அவருடையதே. நெடுங்காலம் அவர் கழியடியில் நிற்க இடமில்லாதிருந்தது. அந்நாளில்தான் மரக்கலத் தச்சர் குடியில் பிறந்த கொற்றியார் என்னும் வாயாடி அம்மையார், உப்புநீரில் இரும்பாணி துருப்பிடிக்கிறதென்று சொல்லி, மரமுளையும் கயிறும் கொண்டு பொறி செய்ய உப்புநீர்க் கிளைக்கு ஒரு கழி நட்டார். வந்தவரிடமெல்லாம் எவ்வேலை பிடிக்கும் என்று கேட்டார். பிடித்த வேலையையே கொடுத்தார். முடித்தவரின் பெயரை ஊர் கேட்கச் சொன்னார். அமைச்சரின் கழியடி காலியாயிற்று. கொற்றியாரின் கழியடியிலிருந்து எழும் சிரிப்பொலி ஒவ்வொன்றும் தம்மைப் பற்றியதே என்று அமைச்சருக்குத் தோன்றியது. அம்மையார் வார்க்கும் மோருக்காகவே கூட்டம் சேர்கிறதென்று தம்மைத் தேற்றிக்கொண்டு, தம் கழியடியில் பாயசம் காய்ச்சி வைத்தார். வந்தார்கள், குடித்தார்கள், பாயசம் நன்று என்றார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு கொற்றியாரின் கழிக்கே போனார்கள். அன்று அவருக்கு வயிறு எரிந்தது. மருத்துவர் பித்தம் என்றார், அரண்மனை முழுதும் வேறு சொன்னது.

அதன்பின் அமைச்சர் செய்தது பிறர் செய்யத் துணியாதது. உப்புநீர்க் கிளையை மிகவும் பாராட்டி, வளர்ந்த கிளையைப் பிரித்தலே முறையென்று கூறி, அதை ஏழு உட்கிளைகள் ஆக்கினார். துளைநாயகம், முளைநாயகம், கயிற்றுநாயகம், எண்ணெய்நாயகம் முதலாக ஏழு பேருக்குப் பட்டமும் பட்டுத் தலைப்பாகையும் அளித்தார். ஒரு கிளையார் மற்றொரு கிளையாரோடு பேச வேண்டுமெனில் அமைச்சர் வழியாகவே பேச வேண்டும் என்றும் விதித்தார். எல்லாரும் பல்லக்கில் ஏறினால் சுமப்பவர் யார்? துளையிட்டவர் தம் அளவில் துளையிட்டார், முளை செதுக்கியவர் தம் அளவில் செதுக்கினார். முளை துளையில் நுழையவில்லை. ஏன் நுழையவில்லை என்று கேட்ட ஓலைகள் அமைச்சரின் மேசைமேல் கிடந்தன. கொற்றியாருக்கு மட்டும் பட்டமில்லை. அந்த நாள்களில் அமைச்சர் நன்றாக உறங்கினார்.

அப்போது கழிமுனை என்னும் ஊரின் கரை உடைந்தது. கதிர்விட்ட வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. உடனே இறைக்காவிடில் அவ்வூரார்க்கு அவ்வாண்டு சோறில்லை. மன்றம் கூடிற்று. கொற்றியார் தம் கழியை மீண்டும் நட்டார். ஏழு நாயகங்களும் தலைப்பாகையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றனர். வில்லவதரையரும் தம் கழியை நட்டார். ஒருவரும் வரவில்லை.

இவ்வளவு நீரை இறைக்கும் பெரும்பொறியின் அச்சைக் கடைய வல்லவர் நாட்டில் வில்லவதரையர் ஒருவரே. அது எல்லாரும் அறிந்தது. அழைக்கவோ முறையில்லை. மன்றம் முழுதும் அவரையே பார்த்தது. கொற்றியார் ஒரு சொல் அழைத்தால் போகலாம் என்று அவர் உள்ளம் ஏங்கிற்று. அழைத்திருந்தால் போயிருக்கமாட்டார் என்பதும் உண்மை. பின்பு தம் கழியைத் தாமே பிடுங்கிப் போட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து போய், அச்சுக்கு மரம் எங்கே என்று மட்டும் கேட்டார். உமக்கென்றே நனையாமல் எடுத்து வைத்திருக்கிறோம் என்று கொற்றியார் விடையிறுத்தார். பொறி சுழன்றது; வயலில் பாதிக்கு மேல் பிழைத்தது.

ஆதலால், கோப்பெருமாட்டியின் ஆணை இது. கொற்றியாரைத் தலைவராக நும்மிடம் அனுப்புகிறோம். வில்லவதரையரும் அவர்கீழ்ப் பணிசெய்யத் தாமே முன்வந்து புறப்படுகிறார். நாட்டுப்பற்றே காரணம் என்கிறார். அந்த அம்மையார் அங்கே எவ்வளவு புகழ் பெறுகிறார் என்பதை அருகிருந்து பாராமல் இருக்கமாட்டாமையே காரணம் என்பதைக் கோப்பெருமாட்டி அறிவார். அமைச்சரின் பொறாமை தீர்ந்ததென்று எண்ணற்க. முதல் விருந்தில் இருவரையும் ஒரே வரிசையில் இருத்துக. எவருக்கும் பட்டம் அளிக்கற்க. நும் வாயிலில் சூட்டும் மாலை ஒன்றே ஒன்றாயின் அதை வில்லவதரையர் கழுத்தில் இடுக. இது கொற்றியாரின் வேண்டுகோள். அமைச்சர் இதை அறியலாகாது என்பதும் அம்மையாரின் வேண்டுகோளே. அதனாலேயே இவ்வோலை அவர்கள் கையில் அன்றித் தனித்தூதன் கையில் முந்தி வருகிறது.

நாரை முத்திரை இட்டோம். படித்தபின் தீயில் இடுக. இவை ஓலைநாயகம் அரட்டன் பூவணன் எழுத்து.