பழைய கொம்பியூட்டரின்ர வயர்

வைகாசி, செவ்வாய்க்கிழமை.

கமக்கார அமைப்பின்ர ஃபைல் எல்லாத்தையும் போன கிழமை கிளவுட்டுக்கு ஏத்தி முடிச்சனான். இண்டைக்குக் காலமை எங்கட செயலாளர் சிவம் அண்ணை பரந்தனில இருந்து போன் எடுத்தார். "பிள்ளை, எந்த வாய்க்காலுக்கு எப்ப தண்ணி எண்ட அட்டவணையில ஒரு லிங்கும் திறக்குதில்லை. நாளைக்குக் கூட்டத்தில நான் வயல்காரச் சனத்துக்கு எதைக் காட்டுறது?"

என்ர மேசையில எல்லாம் திறந்தது. அதுதான் எனக்குச் சந்தேகம். மேசைக்குக் கீழ பழைய கொம்பியூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லிங்க் எல்லாம் அதுக்குள்ள போய்த்தான் ஃபைலை எடுக்குது. குனிஞ்சு அதின்ர வயரைக் கழட்டினன். உடன எனக்கும் ஒண்டும் திறக்கேல்லை. பிழை கண்ணுக்குத் தெரிஞ்சால் பிறகென்ன பயம். ஒவ்வொரு வாய்க்காலின்ர ஃபைலையும் கிளவுட்டில தேடி எடுத்து, லிங்கைப் புதுசாப் போட்டன். பின்னேரம் அண்ணை நான் வேலை செய்யிற கந்தோருக்கு வந்து தன்ர போனில திறந்து பார்த்தார். "ஓம், கடைசி வாய்க்காலும் வருது."

இனிப் பழசை எறியலாம் எண்டு சொன்னன். அவர் அதை உரப்பையில போட்டு மோட்டார் சைக்கிளில வைச்சுக் கட்டினார். "என்னட்ட இருக்கட்டும் பிள்ளை. திரும்பவும் சண்டை வந்து, திடீரெண்டு ஊரை விட்டு ஓடவேண்டி வந்தால்?"

கிளவுட்டை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை எண்டு சொல்ல வாயெடுத்தன். ஆனால் என்ர காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இப்பவும் கதவடியில தொங்கிற பைக்குள்ளதான் கிடக்குது.