கன்னியைப் பந்தயம் வைத்த வாரம்

ஆனி 22, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். காகிதமெல்லாம் நமுத்துப் போயிற்று. இன்று எழுதிய இரண்டு கிரயப் பத்திரங்களிலும் மை ஊறி, எழுத்துக்கு எழுத்து அம்மை போட்ட மாதிரி.

வாங்க வேண்டியவை: மைக்கூடு. குடைக்கு ஒரு கம்பி. ஆவுடைக்குத் தலைவலித் தைலம். மயிலிக்கு ஆட்டெலும்பு.

எலும்பு வாங்கினேன். தைலம் மறந்துவிட்டது. வீட்டில் சம்சாரம் கேட்டதற்கு, மயிலி கடைவீதி வரை கூடவே வந்து ஞாபகப்படுத்தியது, நீ வரவில்லையே என்றேன். ஆவுடை சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் திண்ணைக்கு வந்துவிட்டேன். மத்தியானம் காபி கிளப்பில் ஒரு பெரிய தப்புக் காரியம். நாளை எழுதுகிறேன். இன்று தைரியம் இல்லை.

ஆனி 23, செவ்வாய்

விட்டுவிட்டுச் சாரல். தப்புக் காரியம் பின்வருமாறு.

வருகிற சனிக்கிழமை குற்றாலத்தில் துரைமார் நாய்ப் பந்தயம். மலை எஸ்டேட் மேனேஜர் நாயர், காபி கிளப்பில் உட்கார்ந்து தன் துரையின் நாய் டியூக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தார். சீமையிலிருந்து வந்த கிரேஹவுண்டாம். கப்பலில் அதற்குத் தனிக் கட்டிலாம்.

"நம்மூர்ல மனுசனுக்கே கட்டில் இல்லவே" என்றேன். கிளப்பே சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு பேர் சிரித்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. எங்கள் மயிலி ஓடினால் உங்கள் டியூக் அதன் வாலைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

"எந்தா ரைட்டரே, பந்தயம் வைப்பீரா?"

"மயிலியவே வைக்கேன்."

"அப்போ துரை கிராமபோன் வைப்பார். பெட்டி, குழாய், பன்னிரண்டு பாட்டுப் பிளேட்."

போன மாதம் ஜவுளிக்கடை வாசலில் கிராமபோன் பாடியபோது, ஆவுடை சேலையைப் பார்க்காமல் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் ஞாபகம் வந்தது. காகிதம் வேறு கொண்டுவந்து வைத்தார்கள். பத்திரம் எழுதுகிறவன் கைக்குக் காகிதம் கிடைத்தால் கேட்கவா வேண்டும். "எனக்குச் சர்வ சுதந்திர பாத்தியமாய் என் அனுபவத்தில் இருந்துவரும் கன்னி ஒன்று" என்று ஆரம்பித்து முழ நீளத்துக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். துரைக்கு ஒன்று, என் மடியில் ஒன்று.

கன்னி என்பது நாயின் ஜாதி. ஆவுடையின் பிறந்த ஊர்ப் பக்கம், கரிசல் காட்டில், முயல் பிடிக்கிற நாய். அவர்கள் வீட்டில் அதை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு சீதனமாக அனுப்புவார்கள். ஆவுடையோடு வந்த குட்டியின் வழியில் மயிலி மூன்றாம் தலைமுறை. ஆக, மயிலி ஆவுடையின் சொத்து. சீதனத்தில் புருஷன் கைவைக்க முடியாது என்று வாரத்துக்கு இரண்டு பேருக்காவது எடுத்துச் சொல்லுகிற பெரிய மனிதன் நான்.

ஆனி 24, புதன்

வெயில். ஆவுடையிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் மோர் கேட்டேன்.

பந்தயத்தின் பூர்வ கதை, துரை பங்களா சமையல்காரர் சொன்னது. பாதி புளுகு என்றாலும் மீதி நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வருஷம் உயிர் முயலை விட்டார்களாம். அது நேரே இலஞ்சிப் பக்கம் ஓடி, நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டது. பின்னாலேயே ஆறு நாய், நாலு துரை, ஒரு துரைசாணி, எல்லாரும் சேற்றில். முயல் இன்று வரை அகப்படவில்லை. மறு வருஷம், கோயில் இருக்கிற ஊரில் உயிரைக் கொல்லக் கூடாதென்று ஊரார் திரண்டுவிட்டார்கள். அதன் பிறகு முயல்தோலுக்குள் தேங்காய் நாரை அடைத்து, நீளக் கயிற்றில் கட்டி, கவிழ்த்து வைத்த சைக்கிளின் பின்சக்கரத்தில் சுற்றி இழுக்கிறார்கள். பெடலைக் கையால் சுற்றுவது எஸ்டேட் டிரைவர்.

நாட்டு நாய்க்கு அனுமதி கிடையாது. இந்த வருஷம் மற்றத் துரைமார் சீமைக்குப் போய்விட்டதால் டியூக்குக்குத் துணை இல்லை. தனியாக ஓடி ஜெயித்தால் கோப்பைக்கு என்ன மரியாதை? அதனால் மயிலிக்கு அழைப்பு.

தென்காசி பூராவும் இதே பேச்சு. தபால்காரர் மயிலி பேரில் அரை மீசையைப் பந்தயம் வைத்திருக்கிறார். வெற்றிலைக் கடைக்காரர் டியூக் பேரில்: தோற்றால் ஒரு மாதம் செருப்பில்லாமல் நடப்பாராம். இப்போதும் அவருக்குச் செருப்பு கிடையாது.

ஆனி 25, வியாழன்

வானம் மூடாப்பு. விஷயம் வெடித்துவிட்டது.

காலையில் நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏட்டி ஆவுடை, ஒங்க வீட்டுக்காரக ஒரு கன்னியப் பந்தயத்துல வச்சிட்டாகளாமே! ஊரே சொல்லுது. எவட்டி அவ?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆவுடை கையில் சொளகு அப்படியே நின்றது.

"எந்தக் கன்னி?"

"அதத்தான நானும் கேக்கேன். கையெழுத்துப் போட்டே குடுத்துட்டாகளாம். வயசு நாப்பத்தெட்டு ஆவுது மனுசனுக்கு!"

ஆவுடை மயிலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வைத்தது வேறு ஒரு பெண்ணையாக இருந்திருந்தால் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், தீபாவளிக்குள் மன்னித்திருப்பாள். இது மயிலி.

ஒரு வார்த்தை திட்டவில்லை. இலை போட்டாள். மயிலியிடம், "ஏட்டி, அவுகளச் சாப்பிட வரச்சொல்லு" என்றாள். மயிலி வந்து என் வேட்டியை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"கிராமபோன் ஒனக்காகத்தான்..."

"நான் கேட்டேனாட்டி?" இதுவும் மயிலியிடம்.

வீட்டில் நாங்கள் மூன்று ஜீவன். இன்று அதில் இரண்டு ஒரு கட்சி.

ஆனி 26, வெள்ளி

நல்ல சாரல். மேற்கே மலை தெரியவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், ஆவுடை தன் பழைய நூல்சேலை ஒன்றை மடித்து மெத்தை மாதிரித் தைத்துக்கொண்டிருக்கிறாள். மயிலி தலையை அவள் மடியில் வைத்துப் படுத்திருந்தது.

"புது எடத்துல ஒறக்கம் வராதுல்லாட்டி. இத மோந்துக்கிட்டுப் படுத்துக்கோ. காப்பிக்காட்டுல குளிரும்."

"மயிலி ஜெயிச்சிரும்" என்றேன்.

ஆவுடை நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தாள். "தோத்துட்டா?"

இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குடையை எடுத்துக்கொண்டு, மழை விழாத தாழ்வாரத்துக்குள்ளேயே விரித்துப் பிடித்தபடி நின்றேன். அது கூட அப்புறம்தான் தெரிந்தது.

வழிகள்: (1) மயிலிக்கு வயிற்றுக்கோளாறு என்று சொல்வது. (2) எனக்கு வயிற்றுக்கோளாறு என்று சொல்வது. (3) உண்மை.

மூன்றாவதைச் சொன்னால், பொய்ப் பத்திரம் எழுதினவன் என்று ஊர் சொல்லும். பிழைப்பே எழுத்துதான். ஆனால் அந்தச் சேலை மெத்தை கண்ணிலேயே நிற்கிறது.

ஆனி 27, சனி

சாரல் நின்று இளவெயில். வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் இல்லை. அப்பாடா.

குற்றாலத்துக்குக் கீழே பொட்டலில் ஊர் கூடிவிட்டது. ஆவுடை வண்டியை விட்டு இறங்கவில்லை. மயிலி அவள் காலடியில். நான் நேரே துரையிடம் போனேன். நாயர் பக்கத்தில். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: இந்தப் பத்திரம் பொய். நாய் என் சம்சாரத்தின் சீதனம். வைக்க எனக்குப் பாத்தியம் இல்லை. தெரிந்தே எழுதினேன்.

நாயர் விழித்தார். "இதை இங்கிலீஷில் எங்ஙனே பறயும் ரைட்டரே?"

"நான் புளுகன்னு சொல்லும். தொரைக்கு வெளங்கும்."

கூட்டத்துக்கு நாயர் தேவைப்படவில்லை.

"அண்ணாச்சி, எங்க தோப்புப் பத்திரமும் இப்படித்தானா?"

"வே, எம் மீசை என்னாச்சு வே?" இது தபால்காரர்.

"பொண்டாட்டிக்குப் பயந்துட்டாருலே!"

இருபது வருஷமாக இந்த ஊரில் நான் கேலி பண்ணாத ஆள் கிடையாது. அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

துரை காகிதத்தை நாலாகக் கிழித்தார். தொப்பியைக் கழற்றி, என் பக்கம் அல்ல, வண்டிப் பக்கம் பார்த்து ஏதோ சொன்னார். "அம்மைக்குச் சம்மதமானால், பந்தயப் பொருள் ஒன்றும் இல்லாமல் சும்மா ஓடலாமா என்று துரை சோதிக்குந்நு, கேட்கிறார்" என்றார் நாயர்.

ஆவுடை மயிலியின் காதருகே குனிந்தாள். "ஓடுதியாட்டி?" பிறகு இறங்கி, தானே நடத்திக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

டிரைவர் பெடலைச் சுற்றினார். முயல்தோல் துள்ளிக்கொண்டு போயிற்று. முதலில் டியூக்தான் முன்னால். பாதிப் பொட்டலில் மயிலி அதைத் தாண்டிற்று. காலே தெரியவில்லை, ஒரு கறுப்புக் கோடு மட்டும். ஒரே பாய்ச்சல், தோல் அதன் வாயில்! கடித்துப் பார்த்தது. நார். துப்பிற்று. தும்மிற்று. திரும்பி நிதானமாக ஆவுடையிடம் நடந்து வந்துவிட்டது. டியூக் மட்டும் தோலின் பின்னாலேயே சைக்கிள் வரைக்கும் ஓடிக் கோப்பை வாங்கிக்கொண்டது.

"தோத்துட்டுது, தோத்துட்டுது" என்று வெற்றிலைக் கடைக்காரர் குதித்தார்.

ஆவுடை பொது இடத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "நாரப் பிடிச்சுக்கிட்டு நிக்க அவ என்ன கிறுக்கியா?"

நாயர் மொழிபெயர்த்தார். துரை சிரித்த சிரிப்பில் வாய்ச்சுருட்டு விழுந்துவிட்டது.

வண்டியில் திரும்பும்போது மறுபடி சாரல் பிடித்துக்கொண்டது. மயிலி எங்கள் இருவருக்கும் நடுவில். ஈர நாய் நாற்றம். ஆவுடை சேலைத் தலைப்பால் அதைத் துவட்டினாள். என் தலையும் நனைந்திருந்தது. அதே தலைப்பால் அதையும் ஒரு தடவை.

ஆனி 29, திங்கள்

சாரல். பத்திரம் எழுத ஒரு ஆள் வரவில்லை. வந்த ஒருவரும் வேறு பத்திர எழுத்தர் வீட்டுக்கு வழி கேட்டார். சொன்னேன். மத்தியானமே வீடு.

"என்ன, சீக்கிரம் வந்துட்டீக?" என்னிடமேதான் கேட்டாள்.

"எவனும் வரல."

"வருவாக. அந்தக் காயிதத்துல அப்படி என்னதான் எழுதினீக? வாசிங்க, கேப்போம்."

என் பிரதி மடியிலேயே இருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸ் குரலில் வாசித்தேன். "மேற்படி கன்னிக்கு நான்கெல்லையாவது: கிழக்கே மூக்கு, மேற்கே வால், வடக்கே இடது விலா, தெற்கே வலது விலா. இதற்குட்பட்ட ஒரு உருப்படி நாயும், அதைச் சேர்ந்த குரைப்பும்..."

ஆவுடை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேலை மெத்தையில் கிடந்த மயிலி சத்தத்தில் விழித்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் படுத்தது.

"இப்பக் கெழக்க வாலுல்லா இருக்கு. என்ன செய்வீக?"

இருபது வருஷத் தொழிலில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"பிழைதிருத்தல் பத்திரம்தான் போடணும்."

"போடுங்க. எம் பேருக்குப் போடுங்க. அவ எந்திரிக்கதுக்குள்ள."

போட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்தியஸ்தர்: ஆவுடையம்மாள். கிழக்கே வால். மேற்கே மூக்கு. வடக்கே வலது விலா. தெற்கே

புரண்டுவிட்டது.