எங்க ஆளுங்கதான்

13 ஜூலை 2025, ஞாயிறு

காலையில் காயப்போட்ட வெள்ளைப் புடவையில் மதியத்துக்குள் சாம்பல். பவர் ஹவுஸ் பக்கமிருந்து காற்றடித்தால் இதே கதிதான். இருபத்தெட்டு வருஷமாக இந்தச் சுரங்கக் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன், இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளையைத் துவைக்கிறேன். புத்தி வரவில்லை.

சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதபாடம் முடித்து வந்து சோறு வடிக்கும் நேரத்தில் மாடி வீட்டுத் திலகவதி இறங்கி வந்தாள். பின்னால் அவள் மகள் சண்முகப்ரியா, கூட ஒரு புதுப்பெண். ப்ரியா கடலூர் பக்கம் இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். புதுப்பெண் பெயர் பவித்ரா. அதே காலேஜில் படித்து முடித்து, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாளாம். கையில் ஜிப் வைத்த உறைக்குள் வேதப்புத்தகம். என்னைப் பார்த்ததும் "ஸ்தோத்திரம் ஆண்ட்டி" என்றாள். அங்கேயே எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

எந்தச் சபை என்று கேட்டேன். "இயேசுவோட சபைதான் ஆண்ட்டி" என்று சிரித்தாள். நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

திலகவதி என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கேட்டாள். "அக்கா, வாராவாரம் இங்கிலீஷ் பேசறது, தன்னம்பிக்கை கிளாஸ்னு நடத்தறாங்களாம். ப்ரியாவைக் கூப்பிடறாங்க. இவங்க உங்க ஆளுங்கதானே?"

"எங்க ஆளுங்கதான். தைரியமா அனுப்பு."

சோறு குழைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அருள்மொழி அதைத் தின்றுவிட்டு, பி ஷிஃப்டுக்குப் போகும்வரை அதையே பேசினார்.

27 ஜூலை

ப்ரியா ஃபோன் செய்து வேதத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். நாலு கிறிஸ்மஸாக, வீடு வீடாகப் போகும் எங்கள் கேரல் ரவுண்டில் பாடுகிற பெண். குரல் நன்றாக இருக்கிறதே என்று நான்தான் கூட்டிப்போவேன். இதுவரை ஒரு சந்தேகமும் கேட்டதில்லை. பதில் சொல்லிவிட்டு அரைமணி நேரம் வீட்டுக்குள் பாடிக்கொண்டு திரிந்தேன்.

10 ஆகஸ்ட்

"மூணு வாரமா ஊருக்கே வரலக்கா. ஃபோன் போட்டா 'ஸ்டடி இருக்கும்மா'ங்கறா" என்றாள் திலகவதி. குறை இல்லை அந்தக் குரலில், பெருமை. "படிக்கட்டும். ட்ரெய்னி எக்ஸாம் பாஸ் பண்ணி இங்கயே பெர்மனென்ட் ஆயிட்டா அவங்கப்பாவுக்கு வேற என்ன வேணும்?"

அவளுக்கு ஸ்டடி என்றால் பரீட்சைக்குப் படிப்பது. எங்களுக்கு ஸ்டடி என்றால் வேதபாடம். ப்ரியா எந்த ஸ்டடியைச் சொல்கிறாள் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஏன்? இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை ஆண்டவர்கிட்ட வருதுன்னு. தாய்க்காரி மெதுவாத் தெரிஞ்சுக்கட்டும்னு.

24 ஆகஸ்ட், ஞாயிறு

அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

ப்ரியா வந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். ஆராதனை முடிந்து வந்த என்னிடம், உட்காரக்கூட இல்லை, "ஆண்ட்டி, நீங்க வாங்கின ஞானஸ்நானம் செல்லாது, தெரியுமா?" என்கிறாள். எங்கள் சபை செத்த சபையாம். கேரல் பாடுவது பாவமாம். கடைசி நாளில் மிஞ்சப்போவது அவர்கள் கூட்டம் மட்டும்தானாம். ஐம்பத்தஞ்சு வயசுல, முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவகிட்ட!

"யாருடி சொன்னா உனக்கு இதெல்லாம்?"

"பவித்ராக்கா."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுத்து என்னவோ தட்டினாள். யாருக்கு என்று கேட்டேன். தினமும் எங்கே போனாள், யாரோடு பேசினாள், என்ன சாப்பிட்டாள் என்று பவித்ராவுக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். நான் காபி கொடுத்ததும் எழுதப்பட்டிருக்கும்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆண்ட்டி. அவங்களுக்குப் புரியாது. உங்களுக்காவது புரியும்னு நெனச்சேன்."

25 ஆகஸ்ட்

ஆயரைப் போய்ப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது! வேறு ஊர்ச் சபைகளில் இரண்டு பிள்ளைகள் இப்படிப் படிப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம். அந்தக் கூட்டத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காலேஜ் வாசல், பஸ் ஸ்டாண்ட், தனியாக நிற்கிற பிள்ளையாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார்களாம். சபைப் பிள்ளைகளும், சபையைக் கொஞ்சம் தெரிந்த பிள்ளைகளும் அவர்களுக்குச் சுலபமாம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லுங்கய்யா."

"அம்மா, காலம் சரியில்லை. இது வெளிய போனா நம்ம பேருதான் கெடும். ஜெபிப்போம்."

ஜெபம் செய்தார். ஆமென் சொன்னேன். வாய்தான் சொன்னது.

2 செப்டம்பர்

இன்றைக்கும் திலகவதியிடம் சொல்லவில்லை. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

ப்ரியாவின் அப்பா சண்முகசுந்தரம் ஏ ஷிஃப்ட் முடித்து, மைன்ஸ் உடுப்போடு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"அக்கா, நான் உங்களை என்னைக்காவது மரியாதை இல்லாம பேசியிருக்கனுங்களா?"

இல்லை என்றேன்.

"காலேஜ்லேர்ந்து கூப்பிட்டாங்க. ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டாளாம். ரெண்டு மாசமா லேப்புக்குப் போகலையாம். இன்டர்வியூ வந்த கம்பெனிக்குப் பேரே குடுக்கலையாம். காலேஜுக்குப் பின்னாடி எங்கேயோ வீடு எடுத்து அந்தப் பொம்பளைகளோட இருக்கா. நீங்கதானே உங்க ஆளுங்கன்னு சொன்னீங்க?"

"அவங்க எங்க ஆளுங்க இல்லீங்க."

"அன்னைக்கு உங்க ஆளுங்க. இன்னைக்கு இல்லைங்களா?"

திலகவதி படியிலேயே நின்றாள். அழவில்லை. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். மேலே போய்விட்டாள்.

15 செப்டம்பர்

சண்முகசுந்தரத்துக்குத் தெரிந்த நாலு பேர் இருக்கிறார்களாம், போய் அந்த வீட்டை ஒரு வழி பண்ணிவிடுவார்களாம். அருள்மொழி மேலே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். "திலகவதிதான் வேணாம்னு தடுத்துச்சு. 'எம் பொண்ணு அந்த வீட்டுக்குள்ள இருக்கா'ன்னுச்சு. நாளைக்கு அது தனியாப் போவுதாம்."

நானும் போவேன். துரத்தினாலும் போவேன்.

16 செப்டம்பர்

கடலூர் பஸ்ஸில் திலகவதி ஜன்னலோரம், நான் பக்கத்தில். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

காலேஜுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. பவித்ரா கதவைத் திறந்தாள். அதே சிரிப்பு, "ஸ்தோத்திரம் ஆண்ட்டி." ப்ரியா அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். "அம்மா, இன்னைக்கு ஸ்டடி இருக்கு" என்றாள்.

நான் ஆரம்பித்தேன். ஒரு வசனம் எடுத்தேன். பவித்ரா ஒன்று எடுத்தாள். நான் இன்னொன்று. அவள் தயாராக இரண்டு. அப்புறம் கேட்டாள் பாருங்கள் — "ஆண்ட்டி, உங்க குடும்பத்துல முதல்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க வீட்ல சொல்லிட்டா வாங்கினாங்க? அவங்க அம்மா அழலையா?" எங்கள் தாத்தா வீட்டை விட்டு வந்துதான் கிறிஸ்தவரானார். அதைச் சாட்சியாக நானே எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் நாங்களும் இவர்களும் ஒன்றா? என்ன வித்தியாசம்?

இவ்வளவும் நடக்கையில் திலகவதி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்டியாடி?"

ப்ரியா திரும்பிப் பவித்ரா முகத்தைப் பார்த்தாள். பவித்ரா தலையசைத்தாள். அப்புறம்தான் "சாப்டேம்மா" என்றாள்.

சாப்ட்டதைச் சொல்லக்கூட உத்தரவு வேணும் அந்தப் புள்ளைக்கு. அட பாவிகளா. இதாண்டி வித்தியாசம். அங்கே சொல்லத் தெரியாமல் போச்சே எனக்கு. பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. தாத்தா வெளியே வந்த பிறகும் அவர் அம்மாவுக்குத் தன் வாயால் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

5 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்கு ஆராதனையில் அறிவிப்பு வாசித்து முடித்ததும் எழுந்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. ஆயர் உட்காரும்படி கையைக் காட்டினார், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெளியூரில் படிக்கிற நம் பிள்ளைகள் வாராவாரம் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். ஸ்டடி என்றால் எந்தச் சபை, யார் ஆயர், கட்டடம் எங்கே என்று கேளுங்கள். அம்மா அப்பாவிடம் சொல்லாதே என்று எவர் சொன்னாலும் அங்கே கர்த்தர் இல்லை. என் பக்கத்து வீட்டுப் பெண்ணை நான்தான் அனுப்பினேன், விசாரிக்காமல், ஸ்தோத்திரம் என்ற ஒரு சொல்லைக் கேட்டு. இந்துப் பெண். அவள் அம்மா என்னை நம்பினாள்.

ஆயர் ஆசீர்வாதத்தை வேகமாக முடித்தார். வெளியே இரண்டு அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கள் பிள்ளைகள் பெயரை மெதுவாகச் சொன்னார்கள்.

ஸ்கூட்டரில் வீடு வந்து இறங்கியதும் அருள்மொழி, "நல்லாத்தான் சொன்ன. மைக்கைப் பிடிச்சுச் சொல்லியிருக்கலாம், பின்னாடி கேக்கல" என்றார்.

20 அக்டோபர், தீபாவளி

ப்ரியா வரவில்லை. அவர்கள் கூட்டத்தில் பண்டிகைக்குப் போகக் கூடாதாம். மாடியில் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் மேலிருந்து வருகிற அதிரசம் இந்த வருஷம் வரவில்லை. அதிரசம் எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 அக்டோபர்

திலகவதியே வந்தாள். "திட்டி மெசேஜ் போட்டேன், பதில் இல்ல. அழுது போட்டேன், பதில் இல்ல. அவங்கப்பா போட்டதுக்கும் இல்ல. நீங்க போட்டீங்களா?"

நானும் போட்டேன், ஒன்பது வசனம். பதில் இல்லை.

பவித்ரா வீட்டு வாசலில் நான் கவனித்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் பேசினது ஒண்ணும் அவ காதுல ஏறல. நீ கேட்டதுதான் ஏறுச்சு. அதையே கேளு. வேற ஒண்ணும் வேணாம். தினமும்."

அவள் என் முன்னாலேயே தட்டினாள். *சாப்டியா?*

8 நவம்பர்

பத்தொன்பது நாள். பதில் இல்லை. நீலக் குறி மட்டும் விழுகிறது. படிக்கிறாள். அவள்தான் படிக்கிறாளா, பவித்ரா படிக்கிறாளா?

19 நவம்பர்

இல்லை.

24 நவம்பர்

மழை. துணி காயவில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் மனசு மாடிக்குப் போகிறது. அவள் கிறிஸ்தவளாக வேண்டும் என்று இனிமேல் கேட்க மாட்டேன் ஆண்டவரே. வீட்டுக்கு வந்தால் போதும். இப்படி ஜெபிக்கலாமா? ஜெபித்துவிட்டேன்.

30 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் திலகவதி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். ஃபோனை என் கண் முன்னால் நீட்டினாள்.

*இல்லம்மா.*

இவ்வளவுதான். நாற்பது நாளுக்கு அப்புறம் ஒரு வார்த்தை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. *பசிக்குது.*

சண்முகசுந்தரம் அதற்குள் பைக்கை வெளியே எடுத்துவிட்டார். அப்புறம் அவரே, மூணு பேர் எப்படி வருவது என்று பஸ்ஸுக்கு ஓடினார். "நீங்களும் வாங்கக்கா" என்றாள் திலகவதி.

"வேணாம். நான் வந்தா மறுபடி வசனம் பேசிருவேன். நீங்க போங்க. சோறு நான் வடிச்சு வைக்கறேன்."

1 டிசம்பர்

வந்துவிட்டாள். கன்னத்தில் எலும்பு தெரிகிறது. இருபத்தொரு நாள் உபவாசமாம். முதல் வருஷப் பிள்ளைகளில் ஐந்து பேரைக் கூட்டி வரவில்லை என்பதற்காக. இப்படிப் பட்டினி போட்டுவிட்டு அதற்குக் கர்த்தர் பெயரை வைப்பதா?

திலகவதியிடம் சொன்னாளாம்: "நீ சாப்டியான்னு கேட்ட. அங்க ஏன் சாப்டன்னு கேப்பாங்க."

நான் மேலே போகவில்லை. என் முகத்தைப் பார்த்தால் என்ன ஞாபகம் வருமோ.

12 டிசம்பர்

படியில் எதிரில் வந்தாள். இருவரும் நின்றோம். "காலேஜ்ல ஒரு செமஸ்டர் போச்சு ஆண்ட்டி, திரும்ப எழுதலாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். சரிம்மா என்றேன். எங்கள் சபையின் கோயில் மணி அடித்தது. அவள் தோள் சட்டென்று சுருங்கியது. நான் வேறெங்கோ பார்த்தேன்.

20 டிசம்பர், சனி

சாயங்காலம் ஆறரைக்குக் கேரல் ரவுண்ட் எங்கள் பிளாக்குக்கு. இந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள் என்று ஆயரிடம் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றேதானோ, வேனை நேராக எங்கள் வாசலில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரம்!

வெளியே போய்த் துரத்தலாம் என்று வந்தால், படியில் திலகவதி ஃபிளாஸ்க்கோடு நிற்கிறாள். வருஷாவருஷம் கொடுக்கிற இஞ்சி டீ. அவளுக்குப் பின்னால் இரண்டு படி மேலே ப்ரியா, சுவரைப் பிடித்துக்கொண்டு.

திலகவதி கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கேட்டாள்.

"அக்கா, இவங்க உங்க ஆளுங்கதானே?"

பாட்டுக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக எண்ணினேன்.

"பதினோரு பேரைத் தெரியும். அந்த கிடார்க்காரரைத் தெரியாது. இரு, விசாரிச்சுட்டுச் சொல்றேன்."

அவரிடம் போய்ப் பெயர் கேட்டேன், எந்தச் சபை, ஆயர் யார், எத்தனை வருஷம். பாவம், பரீட்சைக்கு நிற்கிற மாதிரி நின்று பதில் சொன்னார், கையில் கிடாரோடு. அப்போது பின்னால் ஒரு சத்தம். ப்ரியா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

பாடவில்லை அவள். மூன்று பாட்டும் முடியும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். டீயை அவளே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

கிடார்க்காரர் காடாம்புலியூர்ச் சபையாம். அந்தச் சபை ஆயருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். எங்க ஆள்தான்.