பின் அச்சில் பச்சைத் துணி

28.12.1998
மாமாவின் வீட்டிலிருந்து திரும்பும்போது வவுணதீவு ரோட்டில் வெள்ளம். அப்பா லொறியை நிறுத்தி, "மகள், பழந்துணி ஏதும் இரிக்கா?" என்றார். என் பையிலிருந்த பச்சைத் துணியில் ஒரு துண்டு கிழித்தார். செக்பொயின்றில் ஆமி சோதிக்கக் குத்தி உடைத்த சவர்க்காரத்தை அதில் பூசி, அடியில் புகுந்து, பின் அச்சின் மேலுள்ள சின்னக் குழாயை அடைத்தார். டிபரன்சல், அதாவது பின் அச்சின் பல்லுச் சில்லுப் பெட்டி, மூச்சுவிடுகிற குழாயாம். திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.
வீடு வந்து சேர்ந்தோம். சளி.

04.01.1999
என் ஆசிரியர் நியமனம் பற்றி இன்றும் ஒன்றுமில்லை.

11.02.1999
முற்றம் கூட்டும்போது லொறிக்குப் பின்னால் மண்ணில் கறுப்பாய் ஒயில் வட்டம். தட்டளவு. அப்பா குனிந்து பார்த்தார். "சீல் போயிட்டு." ஒயில் வெளியே வராமல் தடுக்கிற றப்பர் வளையமாம்.
மாமாவின் நெல் வயல்வட்டைக்குள் குவிந்து கிடக்கிறது. ஏற்றிவர ஆமி தந்த பாஸ் 16, 17, 18ஆம் திகதிகளுக்கு மட்டும். கையில் ஒயில் கொண்டுபோக விடமாட்டார்கள். வழியில் வற்றினால் பல்லுச் சில்லுகள் கடித்துப்போகும். லொறி செக்பொயின்றுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டால் திரும்பி வராது.
பிறகு எங்களுக்கு என்ன இருக்கிறது?

13.02
அசனார் காக்காவின் கராச்சில் நின்ற அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பதினைந்து வருடமாக எங்கள் லொறியைத் திருத்துபவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். பழைய சீலைக் கழற்றிக் காட்டினார். றப்பர் வளையத்தின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. புதியதை வைத்து, மரக்கட்டையால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினார்.
"சீலுக்கும் புது மாப்பிளைக்கும் ஓங்கி அடிக்கப்படாது புள்ள." அப்பாவைப் பார்த்து, "பட்டதாரிக்கே பாடமெடுக்கிறன், பாத்தீங்களா அழகரத்தினம்!"
எனக்குச் சிரிக்கவும் வெட்கம்.

14.02
கிரான்வரை லொறியை ஓட்டிப் பார்த்தோம். மறுபடி ஒழுகுகிறது.
அப்பா கராச்சுக்குள் நின்று கத்தினார். "பழைய சீலத் துடைச்சிப் போட்டிருக்காய்! உங்கட ஆக்கள நம்பி..."
முடிக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயப்படுகிற காலம். வேலை செய்த எல்லோருடைய கையும் நின்றது.
"வண்டிய எடுங்க. மறுகா இஞ்ச வராதீங்க" என்றார் அசனார் காக்கா. சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

அதே நாள், மாலை
மனம் சரியில்லாதபோது பழைய பக்கங்களைப் புரட்டுவேன். டிசம்பர் 28. அடைத்தார் என்று எழுதியிருக்கிறேன். எடுத்தார் என்று எங்குமே இல்லை.
அப்பாவிடம் எப்படிச் சொல்ல? நாலாம் வகுப்போட நிண்ட மனிசன். அந்த லொறிய ஓட்டித்தானே என்னப் படிப்பிச்சவர். நான் போய், உங்கட பிழை எண்டு —

லொறி இன்னும் சூடாறவில்லை. அடியில் புகுந்தேன். விரலில் துணி தட்டுப்பட்டது. இழுத்தேன். புஸ்ஸென்று காற்று, முகமெல்லாம் ஒயில் வாசம். மூச்சுவிட வழியில்லாமல் அந்தச் சூட்டுக் காற்றுத்தான் ஒயிலைச் சீல் வழியே தள்ளியிருக்கிறது.
அப்பாவின் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் துணியை வைத்தேன். கறுத்த துணியில் ஒரு ஓரம் மட்டும் பச்சை.
தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது.

15.02
அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கராச்சுக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து மேசையில் வைத்தார். "பிழை என்ர, காக்கா."
அசனார் காக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். "மூக்கையும் வாயையும் பொத்தினா நீங்களும் வேற வழியாத்தான் விடுவீங்க."
யாரும் சிரிக்கவில்லை.
சீலைத் தடவிப் பார்த்து, குறைந்த ஒயிலை நிரப்பினார். "சீலுக்கு ஒண்டுமில்ல. போங்க."
எப்போதும் தேத்தண்ணி குடிக்கச் சொல்பவர். இன்று சொல்லவில்லை.

18.02
நேற்று பாதை பூட்டு. இரண்டு நடை நெல்தான் வந்தது. மிச்சம் மழையில் முளைத்துவிட்டதாம். மாமா குறை சொல்லவில்லை.
லொறிக்கு அடியில் மண்ணில் ஒயில் ஒரு சொட்டும் இல்லை. அப்பா லொறிக்குள்ளேயே தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

05.12.1999
வெள்ளம். அப்பா குழாயை அடைத்தார். "எழுதி வை மகள்" என்றார்.

07.12.1999
துணியை எடுத்தாயிற்று.
பின்னேரம் அசனார் காக்கா ரோட்டில் சைக்கிளை மெதுவாக்கி, "துணி எடுத்தாச்சா?" என்று கேட்டார். பத்து மாதத்தில் முதல் பேச்சு.
"ஓம் காக்கா" என்றேன், அவருக்குக் கேட்கும்படி.
அப்பா போய்க் கேற்றை முழுதாகத் திறந்துவிட்டார். காக்கா சைக்கிளிலிருந்து இறங்கவில்லை. ஆனால் ஒரு காலை நிலத்தில் ஊன்றினார்.