நீ செய்த இனிப்பைப் பற்றி அம்மாவின் உண்மையான கருத்து

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பிரியந்தனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம், தம்பி அபிஷன் சுகம், அப்பாவும் இப்போது நல்ல சுகம். அப்பாவின் சுகத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு ஆஸ்பத்திரி வருகிறது, அந்த இடத்தில் நீ பதறிக் கதிரையை விட்டு எழும்பக்கூடாது. நீயும் அந்த மெல்பேர்ண் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ ஒரு பெருவிரலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, அங்கே வருகிற உமாசுதன் மாமாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்காமல் உன் வீட்டில் இருந்து எழும்பவேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், அதனால் அவருக்கு ரீ போட்டுக் கொடு.

உன் கம்பனிக்காக நீயே செய்த இனிப்பு, வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் சாப்பிட்டால் கண்ணும் கையும் மின்னல் வேகத்தில் ஓடும் என்று போத்தலில் எழுதியிருக்கிற அந்தப் புளி மிளகாய் இனிப்பு, பத்திரமாக வந்து சேர்ந்தது. எங்களைச் சாப்பிட்டுப் பார்த்து உண்மையான கருத்தைச் சொல்லச் சொன்னாய். விளம்பரத்துக்குப் போட அப்பா போத்தலோடு சிரிக்கிற படம் ஒன்றும் கேட்டாய். காலி வீதியில் கடை வைத்திருக்கிற நிலாமிடம் கதைத்து, கொழும்பில் விற்க வழி பார்க்கவும் சொன்னாய். நிலாம் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஸ்கூல் புள்ளைகள் அள்ளிட்டுப் போவாங்க, நீங்க எடுத்துத் தாங்க" என்றார். எனக்கும் பெருமை தலைக்கு மேலே ஏறிவிட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். என் மகன் செய்த சாமான் என்று லிப்டில் வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் போத்தலைக் காட்டினேன்.

முதலில் தம்பியின் கருத்தைச் சொல்கிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த கேம் போட்டிக்கு அவனும் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அப்ஹாமும் இன்னும் சில பெடியன்களும் ஒரு அணியாகப் போனார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பிடி உன் இனிப்பு. முதல் சுற்றிலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். என்னடா நடந்தது என்று கேட்டால், "கை வேகமாத்தான் போச்சுது அம்மா, மூளைதான் பின்னாலை வந்தது" என்கிறான். எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்க்கமுன்னமே சுட்டிருக்கிறான், சுடப்பட்டது அப்ஹாம். மிச்ச நேரத்தில் பாதி மண்டபத்துக் கழிவறை வாசலில் போயிருக்கிறது. இவர்களை வென்றது கொச்சிக்கடையில் இருந்து வந்த பெடியன்கள். அவர்கள் சாப்பிட்டது மீன் பணிஸும் பிளேன்ரீயும்.

நானும் ஒன்று சாப்பிட்டேன். எனக்கு நன்றாகவே வேலை செய்தது. திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்தேன், மின்விசிறிகளைத் துடைத்தேன், பிறகு மயிலம்மா மாமிக்குப் போன் எடுத்து அவளுடைய மகளின் கலியாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்ற உண்மையை முழுக்கச் சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அதை உன் கம்பனி போத்தலில் எந்தப் பக்கத்தில் போடும் என்று தெரியவில்லை.

இனி அப்பாவின் விஷயம். போன கிழமை பின்னேரம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர், "இஞ்சை வாரும், நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு" என்று கூப்பிட்டார். எங்களுடைய ஆட்டக்காரர்கள் வழக்கம்போல ஆட்டமிழந்த கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போய்ப் பார்த்தால் ஆள் வேர்த்துக் கொட்டுகிறார், கை நடுங்குகிறது, நெஞ்சில் கை வைத்தால் பழைய பஸ் எஞ்சின் மாதிரி அடிக்கிறது. பக்கத்தில் போத்தல், அரைவாசிக்குக் கீழே. பிரஷர் குளிசை குடிக்கிற மனுசன். அபிஷன் ஓட்டோ பிடித்தான், களுபோவிலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் ஓட்டோக்காரப் பெடியனிடம் சிங்களத்தில் ஸ்கோர் விசாரித்துக்கொண்டு வந்தார்.

அங்கே இருந்தது டில்ஷானி என்று ஒரு இளம் டொக்டர், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் அப்பா "இனிப்பு" என்கிறார். நான் கைப்பையில் இருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. முன்பக்கத்தில் மின்னலும் நெருப்பும் பெரிய எழுத்தில் இருக்கிறது, கோப்பியில் இருக்கிற அந்தக் கபேன் இதில் எவ்வளவு என்பதை வாசிக்கப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. "அங்கிள், இதுல ஒண்ணு ஒரு கோப்பி மாதிரி. நீங்க ஒரு கோப்பிக் கடையையே குடிச்சிருக்கீங்க" என்றா. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு விளங்கப்படுத்தினா. கபேன் தூக்கத்தை விரட்டும், கொஞ்சம் விழிப்பாக வைத்திருக்கும், அது உண்மைதானாம். ஆனால் அதற்கு ஒரு கோப்பி போதும், விளையாடத் தெரியாதவனுக்கு அது விளையாட்டைச் சொல்லித்தராது. அளவு கூடினால் நடுக்கம், படபடப்பு, நித்திரை கெடும், நித்திரை கெட்டவன் அடுத்த நாள் இன்னும் மோசமாக விளையாடுவான். போத்தலில் மிச்சமாக எழுதியிருக்கிற வாயில் நுழையாத பெயர்கள் கேமில் ஒருவனை வெல்ல வைக்கும் என்பதற்கு நம்பக்கூடிய ஆதாரம் பெரிதாக இல்லையாம். பிரஷர், நெஞ்சு வருத்தக்காரரும் சின்னப் பிள்ளைகளும் தொடவே கூடாது என்று சொன்னா. அப்பாவின் நெஞ்சில் வயர் ஒட்டி ஒரு இரவு வைத்துப் பார்த்து, துடிப்பு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் அனுப்பினார்கள். நீ கேட்ட படம் அப்போது எடுத்தது ஒன்று அபிஷனிடம் இருக்கிறது, வயரோடு. வேண்டுமென்றால் கேட்டு வாங்கு.

அங்கிருந்தே நிலாமுக்குப் போன் எடுத்து, இந்தச் சாமான் உங்கள் கடைக்கு வராது என்று சொல்லிவிட்டேன். அவருடைய கடைக்கு முன்னால்தான் பள்ளிக்கூட வான்கள் நிற்கின்றன. உன்னைக் கேட்காமல் செய்தது உனக்குக் கோபமாக இருக்கலாம். கோபப்படு, பரவாயில்லை. வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உன் கம்பனிப் பெரியவரிடம் போய், முன்பக்கத்தில் இருக்கிற மின்னலை எடுத்துவிட்டு அந்தச் சின்ன எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல். அதைச் சொல்லப் பயமாக இருந்தால் ஒரே ஒரு கட்டி சாப்பிட்டுவிட்டுப் போ, மயிலம்மா விஷயத்தில் எனக்கு உதவியது.

இன்னொன்று. கட்டிலில் படுத்திருந்தவரிடம், ஏனப்பா இவ்வளவையும் அள்ளி விழுங்கினீங்கள், அவ்வளவு ருசியா என்று கேட்டேன். "சீ, வாயிலை வைக்கேலாது. இருமல் மருந்திலை மிளகாய்த்தூள் போட்ட மாதிரி. பெடியன் செய்தது எண்டுதான் சாப்பிட்டனான். நீர் அவனுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார். சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சொன்னேன், உனக்குச் சொல்லிவிட்டேன்.

நேரத்துக்கு நித்திரை கொள், வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. எல்லாத் தெய்வங்களும் உனக்குத் துணையாக நிற்கட்டும், உன் கை செய்வது எவருக்கும் தீங்கு செய்யாமல் இருக்கட்டும். வாசித்து முடித்ததும் அப்பாவுக்குப் போன் எடு. இனிப்பு எப்படி என்று கேட்டால் அருமை மகன் என்பார், இன்னும் அனுப்பு என்றுகூடச் சொல்லுவார். நீ அனுப்பாதே.

என்றும் உன் அன்பு அம்மா,
சுபோதினி தியாகராசா