ரேடியேட்டருக்கு ஒரு செம்புத் தண்ணீர்

சேரன்மகாதேவி,
ஞாயிறு காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

சித்ரலேகா எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்கள், தூக்கம்தான் இல்லை. போனில் பேசினால் அத்தை காதில் விழும். அதனால் மஸ்கட் திரும்பும் கைலாசம் அண்ணன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நேற்று பேட்டை ஒர்க்‌ஷாப் நூர்முகம்மது அண்ணாச்சியைப் போனில் கிழி கிழி என்று கிழித்தீர்கள். மாமாவின் பழைய காரில் ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை, எஞ்சினில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற அந்த ஹெட் கேஸ்கட் போனால் யாருக்குத்தான் எரியாது? எஞ்சினைப் பிரித்துப் பிரித்து மாட்டிய செலவுக்கு வேறு பழைய வண்டியே வாங்கியிருக்கலாம். ஆனாலும் ஏமாற்றுகிறான், போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றீர்களே, அது வேண்டாம். அவர் மேல் தப்பே இல்லை.

அத்தை தினமும் குளித்துத் திருநீறு பூசியதும் ஒரு செம்பு ஆற்றுத்தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். மாமாவும் தாமிரபரணித் தண்ணீர் இருக்கும்போது அந்தப் பச்சை மருந்து எதற்கு என்று கூலன்ட் ஊற்ற விட்டதில்லையே, அதில்தான் முதல் கேஸ்கட் அரித்தது. இப்போது அண்ணாச்சி ஊற்றுகிற கூலன்டும் நீர்த்து வழிந்து, உள்ளே துருப்பிடித்து, வண்டி கொதிக்கிறது. அத்தையைக் காட்டிக் கொடுக்க மனசில்லாமல் உங்கள் ஏச்சை எல்லாம் அவர் வாங்கிக் கொண்டார்.

நான் தடுத்துப் பார்த்தேன். விடுட்டி, அவுகளுக்குத் தாகமா இருக்கும்லா என்றார்கள். சாயங்காலமானால் பின் சீட்டில் மாமாவுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். போன வாரம் மாமா இருமுகிற சத்தம் எனக்கே கேட்டது. பயமாக இருக்கிறது அத்தான்.

உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். நெஞ்சுவலி என்று மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன அன்று சுத்தமல்லிக்குப் பிரிகிற விலக்கில் வண்டி கொதித்து நின்றது. மாமா தண்ணீர் கேட்டார்கள். இருந்தது ஒரே பாட்டில். வண்டி கிளம்பினால் பிழைத்துக்கொள்வார்கள் என்று அத்தை அதைப் பிடுங்கி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டார்கள். ஆவியில் கை வெந்தது கூட அவர்களுக்குத் தெரியவில்லை. வண்டி கிளம்பவில்லை. ஆட்டோ வருவதற்குள் மாமா போய்விட்டார்கள், தொண்டை நனையாமலே.

கேஸ்கட்டை உடனே மாற்ற வேண்டும் என்று அண்ணாச்சி அதற்கு முன்பே சொன்னதும், செலவைக் கேட்டு அடுத்த மாசம் பார்க்கலாம் என்று நீங்கள் சொன்னதும் அத்தைக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன். நீங்கள் எதற்காக இப்படிக் கோபப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி வண்டிக்கென்று பணம் அனுப்பாதீர்கள். லீவு போட்டு வாருங்கள். உங்களுக்கு அப்படியே மாமா ஜாடை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் வேறு எதுவும் பேசாமல், தாகமாக இருக்கிறது என்று சொல்லி அத்தை கையால் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். அவர்கள் பார்க்க, கடைசிச் சொட்டு வரை குடியுங்கள்.

காந்திமதியம்மை உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
சித்ரலேகா