நெல்லிப் பலகை இறக்கிய கிணறு

அன்பு மகன் ஆன்ஸ்லினுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் பேரப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கக் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்தில் அம்மா நிற்பாள், அதனால்தான் கடிதம்.

பக்கத்து வீட்டு ஜெபகனியின் மகள் பிரீனா, உன்னோடு ஞாயிறு பள்ளிக்கு வந்தவள், பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த இடத்தில் மஞ்சள் காமாலையில் இறந்ததை அம்மா சொல்லியிருப்பாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையும் போயிற்று. அம்மாவுக்கே தெரியாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். அந்த நோய் நம் கிணற்றிலிருந்து போனது.

கிறிஸ்மஸுக்கு நீங்கள் வரும்போது வசதியாக இருக்கட்டும் என்று கிணற்றுக்குப் பின்னால் புதுக் கக்கூஸ் கட்டினேன் அல்லவா. அதன் கழிவுத் தொட்டிக்கு அடியில் காங்கிரீட் போடாவிட்டால் தண்ணீர் தானே மண்ணில் இறங்கிவிடும், நிறையவே நிறையாது என்று கொத்தனார் சுடலையாண்டி சொன்னான். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி தலையாட்டினேன். கிணற்றுக்கும் அதற்கும் பதினைந்து அடிகூட இல்லை. ஆனி மழை நாலு நாள் விடாமல் பெய்ததும் கிணறு கலங்கி ஒரு வாடை வந்தது. காப்பிகூட நாறுகிறது என்று அம்மா சொன்னதற்கு, உன் மூக்கில்தான் கோளாறு என்று அவளைக் கடிந்துகொண்டேன். கொட்டாரம் மரக்கடையில் நெல்லிப் பலகை வாங்கி வந்து கிணற்றில் இறக்கினேன். நெல்லி கிடந்தால் தண்ணீர் தெளிந்து இனிக்கும் என்று நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே. மழையும் விட்டது, மூன்றாம் நாள் அடி தெரியுமளவுக்குத் தெளிந்துவிட்டது. ஜெபகனி வீட்டுக் கிணறு உப்பு, எப்போதும் நம் கிணற்றில்தான் தண்ணீர் கோரி எடுப்பாள், அப்போது பயந்து பஞ்சாயத்துக் குழாய்க்கு மாறியிருந்தாள். நானே அவள் வாசலில் போய் நின்று, இனி வாளியோடு வா என்று கூப்பிட்டேன் மக்கா.

எங்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போயிற்று. பிரீனாவுக்குத்தான் அப்படிப் போகவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு குப்பிக் கிணற்றுத் தண்ணீரை நாகர்கோவிலில் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்தேன், மனிதக் கழிவின் கிருமி என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாள் என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. கிணற்றில் பாம்பு செத்துக் கிடக்கிறது என்று எல்லோரிடமும் பொய் சொல்லி, இரும்பு வலை போட்டுப் பூட்டிவிட்டேன்.

நேற்று ஜெபகனி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரீனாவை நினைத்து வீட்டில் ஜெபக்கூட்டமாம், வருகிறவர்களுக்குக் காப்பி போடத் தண்ணீர் வேண்டும், பாம்பை எடுத்தாயிற்றா என்று கேட்டாள். "அண்ணே, வயித்துல ஒண்ணும் தங்காத நேரத்திலயும் பிள்ள உங்க கிணத்துத் தண்ணியத்தான் கேட்டு வாங்கிக் குடிச்சா" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் ஞாயிறு கழிந்திருக்கும். கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தாளோடு போய் அவளிடம் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு யாரும் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி. நீங்கள் வரும்போது பிள்ளைக்குக் கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஜெபகனி உன்னைக் கூப்பிட்டுப் பேசினால், அப்பா தெரியாமல் செய்துவிட்டார் என்று எனக்காகச் சொல்லாதே. நாறுகிறது என்று அம்மா சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா ஞானதாசன்